விமானம் இறங்கும் வரை

வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன என் மகன், தன்னுடைய ரிமோட் விமானத்தைத் தருமபுரத்தில் எங்கள் வீட்டு அலமாரி மேலேயே விட்டுவிட்டுப் போனான். தூசி தட்ட இறக்கியவள் நான். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிற, ஐம்பது வயதைத் தொட்ட ஒருத்தி விமானம் ஓட்டப் போகிறாள் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான். ஆனால் விடுமுறைக்கு வந்த மகனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் அம்பகரத்தூருக்குப் போவோம். அங்கே என் தம்பியின் வயல் அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும். நான் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார்.

அவர் மின்துறையில் வேலை பார்ப்பவர். ரிமோட்டில் அடிக்கடி பென்சில் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பேட்டரிக் கூட்டையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தட்டையான லித்தியம் பேட்டரி ஒன்றை வைத்தார். ரிமோட்டின் எடை பாதியாகக் குறைந்தது. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வந்தது. "இனிமே உனக்குக் கவலையே இல்ல" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது பங்குனி வெயில். விமானம் மேலே போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ரிமோட்டைக் கழுத்தில் வாரால் மாட்டியிருந்தேன். அதன் பின்பக்கம் என் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அங்கே வெதுவெதுப்பாக ஏதோ தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். விமானத்திலிருந்து கண்ணை எடுத்தால் அது எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு ரிமோட் 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. பேட்டரி இறங்குகிறது என்பதற்கான சத்தம் அது.

"நேத்துத்தானங்க சார்ஜ் போட்டீங்க?" என்றேன்.

"ஆமா, முழுசாப் போட்டேனே!"

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நகப்பூச்சு மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக. அவர் என் அருகில் வந்து ரிமோட்டின் பின்பக்கம் கையை வைத்தார். வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டார்.

"கழட்டு! கழட்டிக் கீழ போடு!"

"அது மேல நிக்கிதுங்க!"

"விமானம் கெடக்குது. நீ கழட்டு!"

விமானம் அப்போது மேற்கே, பக்கத்து வயலுக்கு மேலே இருந்தது. நாங்கள் வந்தபோது அந்த வயல் காலியாகத்தான் இருந்தது. தூரத்தில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் விமானம் பறக்கும்போதே அங்கே வந்து வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ரிமோட் நின்று சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி மகன் அமைத்திருந்தான். நின்றால், விமானம் அப்படியே அவர்கள் மேல் இறங்கும். தெர்மாகோல் உடம்புதான் என்றாலும் முன்னால் மோட்டார் இருக்கிறது, குனிந்த முதுகுகள் இருக்கின்றன.

"கத்துங்க! அவங்கள ஒதுங்கச் சொல்லுங்க!" என்றேன்.

அவர் கத்திக்கொண்டே ஓடினார். கடல்காற்று எங்கள் பக்கமிருந்து அவர்கள் பக்கம் அடித்ததால் அவர் குரல் அவர்களை எட்டியது. ஆனால் அவர்கள் ஒதுங்கவில்லை. நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்து, எங்களைத்தான் பார்த்தார்கள்.

வயிற்றில் சூடு இப்போது சுட்டது. ரிமோட்டின் மூடி உப்பி என்னைத் தள்ளுவது துணிக்கு மேலாகவே தெரிந்தது. கைகளை முன்னால் நீட்டி ரிமோட்டை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தேன். விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினேன். இறங்க வேண்டுமென்றால் வழக்கமாக அங்கிருந்தே தாழ்ந்து வர வேண்டும். அன்று தாழ விடவில்லை. உயரத்திலேயே அந்தப் பெண்களைத் தாண்டட்டும், அது மட்டும் நடந்தால் போதும் என்றிருந்தது. பீப் சத்தம் இடைவெளியில்லாத ஒரே ஊளையாக மாறியது. விமானம் கடைசிப் பெண்ணின் தலையையும் தாண்டி, வரப்பையும் தாண்டி, எங்கள் வயலுக்குள் வந்தது. மோட்டாரை நிறுத்தி மூக்கைக் கீழே அழுத்தினேன்.

தரையில் மோதி அது உடைந்த சத்தம் கேட்டபோது வாரை நான் ஏற்கெனவே தலைவழியாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரிமோட்டை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தேன். விழுந்த இடத்திலிருந்து முதலில் வெள்ளைப் புகை பீறிட்டது. பிறகு 'புஸ்' என்று தீ. திரும்பி ஓடி வந்தவர் அதன் அருகே போகப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எரியட்டும் விடுங்க!"

சுற்றிலும் அறுத்த நெல்லின் அடித்தாள் காய்ந்து நின்றது. தீ அதைப் பிடிக்காமலிருக்க இருவரும் காலால் மண்ணைத் தள்ளினோம். உளுந்து வயலிலிருந்து இரண்டு பெண்கள் மண்வெட்டியோடு வந்து, கேட்காமலே மண்ணை வாரிப் போட்டார்கள். அதில் ஒருத்தி, "ஏன் டீச்சர், வெடிகுண்டையா கழுத்துல மாட்டிட்டு நின்னீங்க?" என்றாள். சிரிக்கவில்லை. கோபமாகத்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. அவர் களிம்பு தடவினார். தடவிக்கொண்டே சொன்னார்.

"போன வாரமே லேசா உப்புன மாதிரி இருந்துச்சு. மூடி சரியா உக்காரல. அழுத்தி டேப் ஒட்டுனேன்."

என் கை தானாக அவர் கையைத் தள்ளியது.

"போன வாரமேவா? ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஓட்ட மாட்ட. அங்க வந்து ஒன்னோட நிக்கிற அந்த ஒரு சாயங்காலந்தான் எனக்கு..." அவர் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கோபம் போய்விடுமே என்ற பயம். அன்று அது போக எனக்கு விருப்பமில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். சில நாட்கள் தேவைக்கு மட்டுமே பேசினேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு வேறு ரிமோட் வாங்கினோம். அதிலும் லித்தியம்தான், ஆனால் அந்த ரிமோட்டுக்கென்றே செய்தது. சார்ஜ் போடும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்போம். போவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிக் கூடத்து டைல்ஸ் தரையில் வைத்து விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஆடினால் உப்பியிருக்கிறது என்று பொருள்.

போன ஞாயிறு அவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டு, "சரியா இருக்கா?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"நீங்களே வந்து தொட்டுப் பாருங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, பேட்டரியின் ஓரத்தில் விரல் வைத்து அழுத்தினார். ஆடவில்லை. பிறகு திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினார்.