ஐயர் தள்ளிவைத்த கல்யாணம்

போன செவ்வாய்க்கிழமை காலை, புதுச்சத்திரத்தில் நான் வேலை செய்யும் மின்வாரிய அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்த எழுத்தர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். சேலத்திலிருந்து என் மைத்துனர் பேசினார். "மச்சான், அப்பா போயிட்டாங்க. காப்பி குடிச்சாங்க, டம்ளரக் கீழ வெச்சாங்க, அவ்வளவுதானுங்க." அவர் அழவில்லை. நானும் அழவில்லை. நோய்நொடி இல்லாமல், காப்பியையும் மிச்சம் வைக்காமல் போவது எல்லாருக்கும் வாய்க்காது என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவியோடு பேருந்தில் ஏறி மல்லூர் தாண்டும்போதுதான் அழுகை வந்தது.

தேவசகாயம் ஐயரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம். சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சபைகளில் காலமெல்லாம் ஊழியம் செய்து, ஓய்வுபெற்றபின் அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தவர். எனக்கு மாமனார்.

ராசிபுரம் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, உபதேசியாராக இருந்து, பிறகு குருப்பட்டம் பெற்றார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றுவார்கள். சபை குடியிருக்கக் கொடுத்த எந்தக் குருமனையிலும் என் மாமியார் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. "அடுத்து வர்ற ஐயரம்மா புடுங்கோணுமில்லீங்க" என்பார். குடும்பப் படங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே ஊர் ஊராகப் போய் வந்தன.

மாமாவின் வாகனம் சைக்கிள். பிரசங்கம் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். ஒருமுறை கவுண்டர் ஒருவர், சபையைச் சேராதவர், கிணறு வெட்டுமிடத்துக்கு இவரைக் கூட்டிப்போய், தண்ணீர் வருமா என்று சாமியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். "அது எனக்குத் தெரியாதுங்க. வர்ற வரைக்கும் வேணும்னா கூட நிக்கிறேன்" என்று இவர் சொன்னார். சொன்னபடி மூன்று நாள் போய் வெயிலில் நின்றார். தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்தக் கவுண்டர் கடைசிவரை இவருக்கு நண்பராக இருந்தார்.

கண்டிப்பும் உண்டு. அதனால் பகையும் உண்டு. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மணமக்களின் பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம்; பெயர் எழுதிய அந்தத் தாளில் ஒவ்வொரு வாசிப்புக்கும் தேதி போடுவார்கள். ஆட்டையாம்பட்டியில் தறி நெய்யும் மாணிக்கம் தன் மகள் கல்யாணத்துக்கு ஓலையைத் தாமதமாகக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிறு குறைந்தது. பவானியிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மாமா அசையவில்லை. கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஐயருக்குக் கல்நெஞ்சு என்று ஊரெல்லாம் பேச்சு. மாணிக்கம் அதன்பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, எழுபதுகளின் நடுவில், மாமாவின் மகள் எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. முதல் ஞாயிறு ஓலை வாசித்தார். இரண்டாம் ஞாயிறுக்கு முந்தின நாள் மழை பெய்தது. அந்த வருடத்தின் முதல் நல்ல மழை. மறுநாள் மாமா அறிவிப்புகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மழைக்காக நன்றி சொல்ல ஆரம்பித்தார். சபையே எழுந்து நின்று பாடி அழுதிருக்கிறது. ஓலை வேதாகமத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு வாசித்து முடித்து, ஓலையில் தேதி போடும்போதுதான் மேலே ஒரே ஒரு தேதி இருப்பதைப் பார்த்தார். வியாழக்கிழமை கல்யாணம்.

அன்று மதியமே புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் பந்தல்கால் நட்டிருந்தோம். நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"ஏனுங்க ஐயரே, ஒரு தேதிய எழுதிப் போட்டா ஆச்சுங்களே. யாரு பாக்கப் போறாங்க?" என்றார் என் அப்பா.

"எழுதறது கஷ்டமில்லீங்க சம்பந்தி. மாணிக்கத்து மகளுக்கு எழுதலீங்களே."

"பேராயரக் கேட்டு அனுமதி வாங்கிக்குங்க."

"அத மாணிக்கத்துக்கு வாங்கித் தரலீங்க. எம்மகளுக்கு மட்டும் வாங்கினா நல்லா இருக்குமுங்களா?"

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. குச்சிக்கிழங்கு வெட்டும் சமயம், பெங்களூரிலிருந்து சித்தப்பா லீவு போட்டு வந்தாயிற்று, எல்லார் வீட்டிலும் பத்திரிகை கொடுத்தாயிற்று. "இந்த வியாழக்கிழமை இல்லீன்னா இந்தப் பொண்ணே எங்களுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "அது உங்க விருப்பமுங்க. எனக்குப் பொண்ணு ஒண்ணுதான். ஆனாலும் பொய்த் தேதி போட்டு அவளக் கட்டிக் குடுக்க என்னால ஆகாதுங்க" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கும் கோபம்தான். நல்லதாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் பின்னாலேயே பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே சொன்னார்: "மாப்ள, மறந்தது நானுங்க. எஸ்தரு மேல வருத்தப்படாதீங்க." கேட்க வந்ததை விட்டுவிட்டு அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் பொறுத்துக் கட்டுவேன், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவை எதிர்த்து நான் பேசியது அது ஒரு தடவைதான்.

அடுத்த நாலு நாளும் மாமா பத்திரிகை போன வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போனார். எங்கள் உறவுக்காரர் வீடுகளையும் விடவில்லை. வாசலில் நின்று, "ஓலை வாசிக்க மறந்துட்டனுங்க, தப்பு என்னோடது, கல்யாணம் அடுத்த திங்கக்கிழமைங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். ஆட்டையாம்பட்டியில் மாணிக்கம் தறியை விட்டு எழுந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். "ரெண்டு வருசமா உங்க மேல கோவமுங்க ஐயரே. இப்பப் போயிருச்சு. உள்ள வந்து சாப்புட்டுப் போங்க" என்றாராம். இதை மாணிக்கமே என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, பந்தியில் அவரே பரிமாறினார். என் அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, பிறகு சம்பந்தியைவிட்டால் யோக்கியன் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஓய்வுபெற்றபின் மாமா சந்தோஷமாகவே இருந்தார். ஒருநாள், இத்தனை வருட ஊழியத்தில் எதை நினைத்தால் நிறைவாக இருக்கிறது என்று கேட்டேன். கோயில் கட்டியதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தப்புப் பண்ணீட்டு ஊடு ஊடாப் போயிச் சொன்னனே, அந்த நாலு நாளுங்க மாப்ள. எந்த ஊட்டுலயும் என்னைய வெளிய நிறுத்திப் பேசலீங்க" என்றார்.

இரண்டு மாதம் முன்பு நாங்கள் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் திடீரென்று, "அப்பா, அன்னைக்கு நீங்க ஓலை வாசிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் வாசிப்பார் என்று நினைத்தாளாம். எல்லாரும் மழைக்காக அழுதுகொண்டிருக்கும்போது தன் கல்யாணத்தைப் போய்த் தானே ஞாபகப்படுத்துவதா என்று வெட்கமாம். மாலை ஆராதனைக்கு முன்னால் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாசித்திருப்பார். அதன்பிறகு பயம் வந்து சொல்லாமலேயே இருந்துவிட்டாள். "என்னாலதானுங்கப்பா உங்களுக்கு அத்தன அவமானம்" என்று சொல்லி அழுதாள்.

மாமா இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு அவள் தலையில் கை வைத்தார். "இத்தன வருசமா இதையா தூக்கிட்டுத் திரிஞ்ச சாமி? மறந்தது நானு. எறக்கி வெச்சிரு" என்றார்.

புதன்கிழமை மாலை அடக்கம் செய்தோம். எஸ்தர் குனிந்து ஒரு பிடி மண் போட்டாள். அழுதாள். திரும்பி வரும் வழியில், "நல்லவேளைங்க, சொல்லிட்டேன்" என்றாள்.

போய் வாருங்கள் மாமா. நீங்கள் இறக்கி வைக்கச் சொன்னதை உங்கள் மகள் மறுபடியும் தூக்கிக்கொள்ளாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.