ஸீனத் ஊற்றிய கடைசிச் சொட்டு

ஸீனத்துக்குக் கை கொஞ்சம் இறுக்கம். சிலாவத்துறைப் பெண்; மீள்குடியேறி வந்த வீட்டில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து வைத்துக் கடைசிவரை வடியவிட்டு வளர்ந்தவள். படித்து, மன்னார் நகரத்துச் சிறிய ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கி மாட்டிய பிறகும் அந்தக் கை மாறவில்லை. அதுதான் அவளை மாட்டிவிட்டது.

பேசாலையில் செலீனாவும் அயல் பெண்களும் சாளை மீனிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். கொழும்புக் கம்பனி ஒன்று வாங்க முன்வந்து, அதில் ஒமேகா-3 கொழுப்பமிலம் எவ்வளவு என்று கேட்டது. அளந்தவள் ஸீனத். இருக்கவேண்டியதில் பாதிதான் வந்தது. மலிவெண்ணெய் கலந்திருக்கிறது என்று கம்பனி கையை விரித்துவிட்டது.

செலீனா ஆய்வுகூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பிள்ளை, கோயிலடியில என்னைப் பார்த்துக் குசுகுசுக்கினம். கலப்படக்காரியாம்! ஒரு சொட்டுக் கலந்திருந்தா என்ர கை அழுகட்டும். நீங்கள்தானே அளந்தனீங்கள், சொல்லுங்கோ!"

"பொறுங்கோ அக்கா, திரும்பப் பார்க்கிறன்" என்றாள் ஸீனத்.

அதே எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டப்போன இடத்தில் கை நின்றது. பால்போலக் கலங்கிய தண்ணீர்; மேலே மினுமினுவென்று எண்ணெய். அட, படுபாவி! பாதியைத் தானே கொட்டிவிட்டல்லவா செலீனாவுக்குப் பழி தேடிக்கொடுத்திருக்கிறாள்!

இந்த இழப்பைக் காட்டிக்கொடுக்கவே ஓர் இரசாயன மருந்து உண்டு. மீனெண்ணெயில் உள்ள அதே கொழுப்பமிலத்தை, எடை கூடிய கன ஐதரசன் வைத்துச் செய்திருப்பார்கள். குணத்தில் அசலின் இரட்டைப்பிள்ளை மாதிரி, எடையில் மட்டும் கொஞ்சம் கூட. எடை பார்த்துப் பிரிக்கும் திணிவு நிறமாலைமானியில் இரண்டும் தனித்தனியே தெரியும். கழுவும்போது இரட்டை எவ்வளவு போகிறதோ, அசலும் அவ்வளவு போகும். ஆனால் அதைக் கழுவுமுன்பே எண்ணெயில் விடவேண்டும். பொன்னைவிட விலைகூடிய சாமான் கழுவுதண்ணீரோடு போய்விடுமே என்று மிச்சம் பிடித்து, ஸீனத் முதல்முறை எல்லாம் முடிந்தபிறகுதான் விட்டிருந்தாள்!

இப்போது குப்பியின் அடியில் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"பிழைச்சா அடுத்தது வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் கம்பனி நிக்காது, யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார் ஆய்வுகூட மேலாளர் பைசர்.

"போறது போகட்டும், சேர். அந்த மனிசிட பேர் போயிட்டுதே!"

பிஸ்மி சொல்லி, கடைசிச் சொட்டுவரை கழுவாத எண்ணெயிலேயே விட்டாள். பிறகுதான் கழுவினாள்.

மானியின் திரையில் இரட்டை பாதியாகியிருந்தது. அப்படியானால் அசலிலும் பாதி போயிருக்கிறது! அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கம்பனி கேட்டதைவிட ஒருபடி கூடவே நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியேவிட்டாள். கம்பனி வேறொரு இடத்தில் கொடுத்துப் பார்த்தது. அங்கேயும் அதே கணக்குத்தான்; எண்ணெயை வாங்க ஒப்புக்கொண்டது.

இதைச் செலீனாவுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதாது என்று ஸீனத்துக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம், பேசாலைக் கோயில் வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் கேளுங்கோ! செலீனா அக்காட எண்ணெய் சுத்தம். பிழை விட்டது நான்!"

சனம் வாயைப் பிளந்தது. செலீனா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள். பிறகு குசுகுசுத்த பக்கமாகத் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"கேட்டுதோ? இனி எங்கட எண்ணெயை இந்தப் பிள்ளைதான் அளக்கும். வேற ஆரும் கை வைக்க விடமாட்டன்!"