நூடுல்ஸ் கடைப் படத்தின் முடிவு

1. திரும்பி வந்த லாட்

பனியன் கம்பெனியில், அனுப்பத் தயாரான லாட் பைனல் இன்ஸ்பெக்ஷனில் ஃபெயில் ஆனால் செக்கிங் இன்சார்ஜ் முதலில் செய்ய வேண்டியது, யார் மீதும் கோபப்படாமல் இருப்பது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த கைக்குழந்தை ரோம்பர் ஆர்டர் ஒன்றை, பிரஸ் பட்டன் சரியாகப் பிடிக்கவில்லை என்று துணி வாங்கும் பையரின் ஆள் ரிஜெக்ட் செய்துவிட்டுப் போனார். பெட்டிகளை எல்லாம் பிரித்து, ஒவ்வொரு பீஸாகப் பட்டனைப் போட்டு இழுத்துப் பார்த்து, மறுபடி பேக் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம், வேலை உண்டு என்று மேனேஜர் சொன்னார். டேபிளில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டன் போடுகிற சத்தமும் பிரிக்கிற சத்தமும் மட்டும்தான் கேட்டன.

அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்திருந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்.

"யக்கா, ஒரு கொரியன் படக் கதை சொல்லட்டுமா? இப்படியே இருந்தா சாயங்காலத்துக்குள்ள நாங்களே ரிஜெக்ட் ஆயிருவோம்."

பேச்சு வந்தால் கண் தவறும் என்பது எங்கள் வேலையில் எல்லோரும் சொல்வது. நானும் அதை நம்பியவள்தான். ஆனாலும் அன்று சரி என்றேன். அவள் சொல்லச் சொல்ல, பார்த்து முடித்த பீஸ்களை எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தப்பவில்லை. கதைக்குக் காது போதும். கண்ணும் கையும் அதன் பாட்டில் வேலை செய்தன. மறு இன்ஸ்பெக்ஷனில் லாட் பாஸ் ஆனது. அதற்குப் பிறகு செல்வியின் கதையை நான் தடுக்கவில்லை.

2. ஊறுகாய் தேசம்

செல்வி படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பாள். டப்பிங் இல்லாவிட்டால், கீழே ஓடுகிற எழுத்தை வாசித்துக்கொண்டு பார்ப்பாள். வேலை நேரத்தில் கதை, டீ நேரத்தில் அபிப்பிராயம் என்று தானாகவே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

டேபிளில் மூத்தவர் ருக்குமணி. வெள்ளகோவில் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். இன்சார்ஜ் என்பதற்காக என்னை மேடம் என்பார். நான் அவரை ருக்குமணியக்கா என்பேன். கதைக்கு நடுவில் அதிகம் கேள்வி கேட்பவர் அவர்தான்.

"ஏன் கண்ணு, மூணு வேளையும் ஊறுகாயத்தான் திங்கறாங்கன்னு சொல்றயே, அவியளுக்கு வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"அது ஊறுகா இல்லக்கா. முட்டைக்கோசப் புளிக்க வச்சுத் திம்பாக."

"புளிச்சா ஊறுகாதான். பேரு மாத்துனா ஆச்சா?"

"மாமியா மருமகளப் படுத்துறதெல்லாம் அங்கயும் நம்மூரு மாதிரியேதான்க்கா."

"அப்பறம் எதுக்குக் கொரியா வரைக்கும் போற? என்ற ஊட்டுக்கு வா, சும்மாவே காட்டறேன்."

இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் பார்க்க ஆசை வந்தது. மருமகள் என் போனில் போட்டுக் கொடுத்தாள். ஞாயிறு மதியம் சமையல் முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் பிடித்தது அந்தப் படங்களின் பொறுமை. ஒருவர் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, விளக்கைப் போட்டு, தண்ணீர் குடிப்பது வரை கேமரா காத்திருக்கும். நம் படமாக இருந்தால் அதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும். பிடிக்காததும் உண்டு. பலவற்றில் கடைசி அரை மணி நேரத்தில் அழவைத்தே தீருவது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இதைச் செல்வியிடம் சொன்னேன். "அழுகதான்க்கா முக்கியம். மத்ததெல்லாம் அதுக்கு வாடகை" என்றாள். ஒரு படத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. அதற்காகவே திங்கட்கிழமைகளில் சீக்கிரம் வேலைக்கு வந்திருக்கிறேன்.

3. ஆல்ட்டரேஷன்

அவள் முன்பு சொல்லியிருந்த ஒரு படத்தைப் பார்த்து முடித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. அவள் சொன்ன கதையில் அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரி வாசலில் சமாதானம் ஆகிறார்கள். படத்தில் தம்பி வந்து சேரும்போது அண்ணன் உயிரோடு இல்லை. இன்னொரு படத்தைத் தேடிப் பார்த்தேன். அதிலும் கடைசி வேறாக இருந்தது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"படம் எடுத்தவருக்குத் திங்கக்கிழம செக்கிங்குக்கு வர வேண்டியதில்லக்கா. இவுக வரணும்ல. செத்துட்டான்னு சொல்லி அனுப்புனா எப்படி வேல பாப்பாக? அதான் கடைசியில மட்டும் லேசா ஒரு ஆல்ட்டரேஷன் போட்டுக்கிறது."

தையல் பிசகிய பீஸைப் பிரித்துச் சரி செய்வதைத்தான் எங்கள் கம்பெனியில் ஆல்ட்டரேஷன் என்போம். எனக்குச் சிரிப்பு வந்தது. சரியாகத் தைத்த பீஸைப் பிரிக்க நமக்கு உரிமை இல்லை என்றும் சொன்னேன். "சரியாத் தச்சிருக்குன்னு நீங்க சொல்றீக" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். டேபிளில் யாரிடமும் சொல்லவில்லை.

4. டீ நேரத்தில் ஒரு கேள்வி

நூடுல்ஸ் கடைப் படத்தை அவள் இரண்டு நாட்களாகச் சொன்னாள். துறைமுக ஊர் ஒன்றில் ஒரு அம்மா சின்னதாக நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அம்மா தினமும் கடையை மூடும் முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கிறாள். செல்வி சொன்ன முடிவில், ஒரு மழை நாளில் மகள் கடைக்குள் வருகிறாள். அம்மா ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை அவள் முன்னால் வைக்கிறாள்.

ருக்குமணி கையிலிருந்த பீஸை டேபிளில் வைத்தார். "கடைசிய இன்னொருக்காச் சொல்லு கண்ணு" என்றார். செல்வி மறுபடி சொன்னாள். அன்று மாலை ருக்குமணி என்னிடம் வந்து, "வாற ஞாயித்துக்கிழம ஓட்டம் இருந்தாலும் நான் வரலீங்க மேடம். சோமனூர் வரைக்கும் போகோணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ருக்குமணியின் மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதும், வீட்டுக்காரருக்குப் பயந்து ருக்குமணியும் பேச்சை விட்டதும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். மகள் சோமனூரில் இருப்பது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் காவ்யா எங்கள் டேபிளுக்கு வந்தாள். பையர்களோடு பேசி ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண், சாம்பிள் வாங்க வந்தவள். செக்கிங்கில் கொரியப் படம் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு அவளுக்கு ஒரே சந்தோஷம். செல்வி யாருக்கோ நூடுல்ஸ் கடைக் கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் படமா? நான் பாத்துட்டேங்க. ஆனா கிளைமாக்ஸ் அது இல்லையே?"

"நான் பாத்த படத்துல அப்படித்தேன்" என்றாள் செல்வி.

"இல்லீங்கக்கா, அந்தப் பொண்ணு உள்ளேயே வர மாட்டா."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "அப்ப இத்தன நாளா எங்களுக்கு ரீல் சுத்துனியா?" என்றாள். ருக்குமணி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேனுங்க."

"அந்தப் புள்ள உள்ள வந்துச்சுங்களா?"

செல்வி என்னையே பார்த்தாள். அவள் பார்வையில் ஏதோ இருந்தது. பிடிபட்டுவிட்ட கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

"வரலீங்க. எதுத்த கடையில உக்காந்து அவங்கம்மாவப் பாத்துட்டு, பஸ் ஏறிப் போயிருவா."

"சரிங்க" என்றார் ருக்குமணி. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு டேபிளுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்திருந்தார். சோமனூர் போகவில்லையா என்று கேட்டதற்கு, "இல்லீங்க, சகுனம் சரியில்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

செல்விதான் விவரம் சொன்னாள். எங்கள் பக்கம் ஒரு காரியத்தில் மனம் ஒருநிலைப்படாவிட்டால் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். நினைத்த நிறம் வந்தால் செய்யலாம். வராவிட்டால் விட்டுவிட வேண்டும். மகளைப் பார்க்கப் போகலாமா என்று ருக்குமணி இரண்டு தடவை பூ கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் வரவில்லை.

"மூணாவதா இந்தப் படத்த வச்சுக்கிட்டாகக்கா. மக உள்ள வந்தா நான் போறேன்னு மனசுக்குள்ள முடிஞ்சு வச்சிருக்காக. வந்துட்டான்னு நான் சொன்னதும் கெளம்பிட்டாக. என்கிட்ட மட்டுந்தேன் சொன்னாக. அதான் நீங்க சொல்லையில உங்களயே பாத்தேன்."

அன்றே ருக்குமணியிடம் போய்ப் பேசினேன். படம் வேறு, வாழ்க்கை வேறு, யாரோ ஒரு டைரக்டர் தோன்றியபடி எடுத்தது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பீஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இருக்கட்டுமுங்க மேடம். காவ்யாப் புள்ள சொன்னப்பக்கூட நான் எடுத்துக்கலீங்க. நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

என் பதில் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது படத்தைப் பற்றி அல்ல.

5. சோமனூர்

அதற்குப் பிறகு செல்வி கதை சொல்லவில்லை. யாராவது கேட்டால், "போன்லயே பாத்துக்கங்கக்கா, ஒரிஜினலா இருக்கும்" என்பாள். தீபாவளி போனஸ் முடிந்து பல்லடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு மாறிப் போனாள். போகும்போது என்னிடம் கோபம் இல்லை என்றாள். நம்புகிறேன்.

ருக்குமணியை நான் விடவில்லை. நானும் கூட வருகிறேன், போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பார்க்கலாமுங்க, ஆடி போகட்டுமுங்க, ஷிப்மென்ட் முடியட்டுமுங்க என்று தள்ளிக்கொண்டே வந்தார். அடுத்த பொங்கல் லீவில் ஒருவழியாகச் சம்மதித்தார். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் வீடு. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"அவிய காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களேங்க. போன மாசம்."

"எங்க போனாங்கன்னு தெரியுமுங்களா?" என்றேன்.

"வடக்க எங்கியோ தறிக்குப் போறதாச் சொன்னாங்க. கைக்கொழந்தையத் தூக்கிட்டு இத்தனை தூரம் போறியேன்னு நாங்கூடத் திட்டுனேன்."

ருக்குமணி அதுவரை எனக்குப் பின்னால் நின்றிருந்தார். "என்ன கொழந்தைங்க?" என்று கேட்டார்.

"பொம்பளப் புள்ளீங்க. நீங்க யாரு, சொந்தமா?"

"ஆமாங்க" என்றார்.

அந்த அம்மாவிடம் ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது. தறி ஓனர் வீட்டுக்கும் போய்க் கேட்டோம். அவருக்கும் அந்த நம்பர்தான் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு வெகு நேரம் நின்றோம். ருக்குமணி அழவில்லை. பஸ் வருவதற்குச் சற்று முன்பு அவரே பேசினார்.

"ஏனுங்க மேடம், அந்தப் படத்துல எதுத்த கடையில உக்காந்தாளே, அந்தப் புள்ள எதாச்சும் சாப்பிட்டாளுங்களா?"

"சாப்பிட்டாளுங்க. வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுத்தான் போனா."

"அப்பச் சரிங்க" என்றார்.

படத்தில் அவள் தன் முன்னால் வைத்த கிண்ணத்தைத் தொடவே இல்லை.

நான் இப்போதும் கொரியப் படங்கள் பார்க்கிறேன். காவ்யா கேட்டால் நல்லது கெட்டதைப் பிரித்துப் பிரித்துச் சொல்வேன். அவளும் மல்லுக்கு நிற்பாள். செக்கிங் டேபிளில் யாராவது ஒரு படத்தின் முடிவு என்ன என்று கேட்டால் மட்டும் உடனே பதில் சொல்வதில்லை. கையிலிருக்கும் பீஸைக் கீழே வைத்துவிட்டு, எதுக்குக் கேக்கறீங்க என்று முதலில் கேட்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும் போலிருக்கிறது, சிரிக்கிறார்கள். ருக்குமணி இன்னும் அதே டேபிளில்தான் இருக்கிறார். கைக்குழந்தை சைஸ் ஆர்டர் வந்தால் அவருக்கு நான் வேறு சைஸ் ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறேன்.