கற்பகத்தின் மகளைச் சோதித்த நாள்

கற்பகம் எங்கள் எதிர்வீட்டுக்காரி. பாலக்காட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரான பெருமாட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் ஈஸ்வரமூர்த்தி தென்னந்தோப்பில் வேலையாக இருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். காரியம் முடிந்த கையோடு அவள் கஞ்சிக்கோட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலை, ஷிப்டு முழுக்க நின்றபடி. "அழுதுட்டே உக்காந்திருந்தா புள்ளையப் படிக்க வைக்கறது யாருங்கக்கா?" என்று என்னிடமே கேட்டாள். அப்பன் பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது என்று மகள் அஞ்சிதாவுக்கும் கறாராகச் சொல்லிவிட்டாள். எடுத்தால் படிப்பு கெட்டுவிடுமாம்.

எடுக்காமலேயே படிப்பு கெட்டது. படிப்பில் முன்னால் நின்ற பெண், பத்தாவதில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வர ஆரம்பித்தாள். கிளாஸ் டீச்சர் கற்பகத்தைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். சைக்காலஜிஸ்டிடம் காட்டி, புத்தி மந்தம் என்று ஐ.க்யூ. சர்டிபிகேட் வாங்கினால் பொதுப் பரீட்சையில் இவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை உட்கார்ந்து எழுதும். பாஸாகிவிடலாம். பள்ளிக்கூடத்தின் நூறு சதவீதத் தேர்ச்சியும் தப்பித்துவிடும். கேட்கிற கேள்விக்கெல்லாம் சரியாகச் சொல்லிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லி வைக்கச் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, நல்லா இருக்கற புள்ளையப் புத்தியில்லாதவன்னு எழுதி வாங்கப் போறியா?"

"பாஸானாப் போதுங்கக்கா. என்னையாட்டம் கால் கடுக்க நிக்கக் கூடாது."

ஆனாலும் தனியாக விட மனசில்லை. பாலக்காட்டுக்குத் துணைக்கு நானும் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்பகம் மகளின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, "கண்ணு, பாதிக்குப் பாதி தப்பாச் சொல்லிரு" என்றாள். அந்தப் பெண் தாயின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

சோதித்த சைக்காலஜிஸ்ட் சிசிலி மேடம். மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்தவர் என்பதால் நம் தமிழிலேயே பேசினார். வெகுநேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். அஞ்சிதா கண் சிவந்து, குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"சின்னப் பிள்ளைகூடச் சொல்லுற கேள்விக்குத் தப்பாச் சொல்லுதா. படத்தைக் காட்டி அது மாதிரிக் கட்டைய அடுக்கச் சொன்னா, ரொம்பக் கஷ்டமானதைத் தன்னை மறந்து கடகடன்னு அடுக்கிட்டா. புத்தி குறைஞ்ச பிள்ளை இப்படிச் செய்யாதும்மா."

மேடம் கற்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"அறிவுல ஒரு குறையும் இல்ல. மனசுலதான் பாரம். அப்பா போனதுல இருந்து சரியாத் தூக்கமே இல்லையாம். அவர் பேரைக் கேட்டதும் அப்படி அழுதா. வீட்டுலயும் அழ விடுங்க. வாராவாரம் இங்க கூட்டிட்டு வாங்க."

"அப்ப சர்டிபிகேட்டுங்க?"

"இல்லாத குறையை நான் எழுத மாட்டேன்."

"அது இல்லாட்டி பாஸாவாளுங்களா?"

"அதை இப்பச் சொல்ல முடியாதும்மா" என்றார் மேடம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் கற்பகம் மகள் மேல் பாய்ந்தாள். "தப்பாச் சொல்லக்கூடத் தெரியலியாடி உனக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் அவளை நாலு கேட்டிருப்பேன். அதற்குள் அஞ்சிதா வாயைத் திறந்தாள்.

"தப்பாச் சொல்லச் சொன்னயேம்மா. அப்ப, நான் சரியாச் சொல்லுவேன்னு உனக்குத் தெரியுமா?"

கற்பகம் திகைத்துப்போனாள்.

"எனக்கு ஒண்ணுமே வராதுன்னு நீயும் நெனச்சுட்டயின்னுதாம்மா நான் இத்தன நாளா இருந்தேன்."

"தெரியும் சாமி" என்றாள் கற்பகம். "உங்கொப்பன் புள்ளைக்கு வராம யாருக்கு வரும்?"

புருஷன் செத்த பிறகு அவள் வாயில் அவன் பேச்சு வந்தது அன்றைக்குத்தான். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து தாயும் மகளும் ஊரே பார்க்க அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கட்டும் என்று வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மறுநாள் கற்பகம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சர்டிபிகேட் இல்லை என்றதும் டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது.

"தோத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

கற்பகம் மகளின் கையைப் பிடித்தாள்.

"தோத்தாத் தோக்கட்டுங்க டீச்சர். இவளே எழுதித் தோக்கட்டும்."