டொக்கு சாரின் காது

நகரின் நட்டநடுவில் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் கீழே பத்து மாடி ஹோட்டல், மேலே பதினைந்து மாடி வீடுகள். நடுவிலிருந்த பதினோராவது மாடி முழுக்க மோட்டார்களும் குழாய்களும்தான். அந்தக் கட்டடம் முழுக்க டைல்ஸ் சோதிக்கிறவரை எல்லோரும் டொக்கு சார் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

கையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. ஒவ்வொரு டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டிக்' என்று கேட்கும். பொள்ளலாக இருந்தால் 'டொக்'. டொக்கென்றால் மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதைப் பேர்த்து மறுபடி போடுவது மேஸ்திரியின் தலைவலி.

அந்த மேஸ்திரி இவருடைய மனைவியின் தம்பி என்பதுதான் கூத்து. பதினெட்டு வருஷத்தில் ஒரு டைல்ஸைக்கூட அவன் பொள்ளல் என்று ஒத்துக்கொண்டதில்லை. "உங்க கம்பியை மாத்துங்க மாமா" என்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிலும் சண்டை தொடரும். "டைல்ஸையெல்லாம் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்று அக்காக்காரி இருவரையும் அதட்டுவாள்.

காலமெல்லாம் டிரில் சத்தத்தில் கிடந்ததாலோ என்னவோ, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. காது போனால் வேலை போகும். ஐம்பத்தாறு வயதில் வேறு எவன் கூப்பிடுவான்? பயந்தார், அவ்வளவுதான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சிரித்து வைத்தார். 'என்ன?' என்று திருப்பிக் கேட்பதே இல்லை.

வேலைக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இடது உள்ளங்கையை டைல்ஸ் மேல் பரப்பி வைத்துக்கொண்டு வலது கையால் தட்டுவார். பொள்ளல் என்றால் உள்ளங்கையில் அதிரும். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வருஷமும் ஒரு தப்பு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் மாடி மூலை வீடு. வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க வேண்டியது. தட்டிய டைல்ஸெல்லாம் அதிர்ந்தது. ஹால், படுக்கையறை, சமையலறை, எதுவும் பாக்கியில்லை. வீடு முழுக்க டேப் ஒட்டினார். இன்றைக்கு மச்சானை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று ஆளனுப்பினார்.

காலையிலிருந்து கீழே பதினோராவது மாடியில் எல்லா மோட்டார்களையும் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர்கள் சைகையில் பேசிக்கொள்ளும் அளவுக்கு இரைச்சல். தரையே நடுங்கியது. இரைச்சல் காதில் விழாததால், உள்ளங்கையில் அதிர்வது மோட்டார்தான் என்று இவருக்கு மட்டும் தெரியவில்லை.

மேஸ்திரி கோபமாகத்தான் வந்தான். ஒரு டைல்ஸை உளி வைத்துப் பேர்த்தான். துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் சிமெண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தது. அவன் மாமாவைத் திட்ட வாயெடுத்தான். தரையில் பரப்பி வைத்திருந்த அந்தக் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். "என்ன மேஸ்திரி, வீடு பூராவும் டேப்பு?"

"கலவை சரியில்ல சார்! என் தப்புதான்! ராவும் பகலுமா நின்னு மாத்திக் குடுத்துடறேன்!"

மோட்டார் சத்தத்தை மீறிக் கத்தியதால் அது டொக்கு சாருக்கும் கேட்டது. துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பதினெட்டு வருஷம் கழித்து மச்சான் தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறான், அதுவும் பொய்யாக. அவருக்கு அவமானமாக இருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இல்ல சார். அவன் வேலை சுத்தம். எனக்குத்தான் ரெண்டு வருஷமா காது சரியா கேக்கல. கையை வெச்சுத்தான் பாக்குறேன்."

இன்ஜினியர் டேப்புகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று டொக்கு சார் கேட்டார்.

மச்சான் அவர் காதருகே குனிந்து, வராந்தாவில் இருந்த பெயிண்டர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

"நாளையிலேருந்து நீங்க தட்ட வேண்டாமாம், மாமா!"