கழுத்துல கட்டின வில்லை

எனக்குக் காலையில ஒரு எடத்துல உக்காரவே வராது. ரிட்டயர் ஆயி எத்தினியோ வருஷம் ஆச்சு, இன்னமும் அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துட்டா வூட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகினே இருப்பேன். "இன்னாத்துக்கும்மா இப்டி அலையுற, செத்த உக்காரேன்"ன்னு பொண்ணு திட்டுவா. காதுல கம்பெனி சங்கு ஊதுதுடீன்னு சொன்னா சிரிக்கிறா. சிரிக்கட்டும். அவளுக்கு இன்னா தெரியும்?

அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. தண்டையார்பேட்டையில குடியிருந்தோம். ஹார்பர்ல மூட்டை தூக்கிகினு இருந்த எங்கப்பா, இடுப்புல மூட்டை விழுந்து படுத்தவரு, படுத்தவருதான். திருவொத்தியூர்ல ஒரு தகர டப்பா கம்பெனியில என்னை டெம்பரரியா எடுத்துக்கினாங்க. நான் வேலைக்குப் போனாதான் வூட்ல அடுப்பு எரியும்.

கம்பெனியில ஆளுக்கொரு பித்தளை வில்லை குடுத்திருந்தாங்க. வட்டமா, நம்பர் அடிச்சு, மேல ஒரு ஓட்டை. காலையில ஏழு மணி சங்குக்கு முன்னாடி டைம் ஆபீஸ் ஜன்னல்ல அதை நீட்டணும். உள்ள இருக்கிறவரு வாங்கி ஆணியில மாட்டுவாரு. மாட்டினா நீ வேலைக்கு வந்திருக்கே, மாட்டலைன்னா வரலை. சாயங்காலம் திரும்ப வாங்கிக்கினு வூட்டுக்குப் போகலாம். நான் ஏற்கெனவே ரெண்டு தபா லேட்டு. "இன்னொரு தபா உன் ஆணி காலியா இருந்துச்சு, பேரை அடிச்சிடுவேன்"ன்னு சூப்ரவைசர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அதனால வில்லையைச் சணல் கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்குவேன். தூக்கத்துல கூட தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன்.

இப்போ நாய். செம்பட்டை நிறம், ஒரு காது கிழிஞ்சது. எங்க தெருவுல எங்கேர்ந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. தகரம் கிழிச்ச என் வெரலை ஒரு நாள் நக்கிச்சு, அன்னிலேர்ந்து என் பின்னாடியேதான். காலையில ரயில்வே கேட்டைத் தாண்டி, ஹைரோடு முழுக்க என்கூட ஓடியாந்து, கம்பெனி கேட்டாண்ட வேப்பமரத்தடியில உக்காரும். நான் உள்ள போனதைப் பாத்துட்டுதான் திரும்பும். அந்தக் கருக்கல்ல ஆம்பளைங்க சும்மா விடுவானுங்களா? நாய் ஒரு உறுமு உறுமும், அவனவன் வேட்டியை மடிச்சிக்கினு ஓடுவான். எங்கப்பா கூட வந்திருந்தா எப்டியோ, அப்டி இருந்துச்சு எனக்கு. ஆனா பேர் வெக்கலை. பேர் வெச்சா நம்மளுதாயிடும், அப்புறம் லைசென்ஸ், அது இதுன்னு வம்புன்னு எங்கம்மா வெக்க விடலை.

லைசென்ஸ் வாங்கின நாய்க்கும் கழுத்துல ஒரு பித்தளை வில்லைதான். அது இல்லாத நாயை வெய்யில் காலத்துல கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்து அள்ளிக்கினு போயிடும். நாய்ப் பட்டியில போட்டு, கொஞ்ச நேரத்துல கதையை முடிச்சிடுவாங்க.

அன்னிக்கு ரயில்வே கேட்டைத் தாண்டினதும் வண்டி எதிர்லயே நிக்குது. கையில கம்பி வளையத்தோட ரெண்டு பேரு. ஒருத்தன் எங்களைப் பாத்துட்டான். யோசிக்கவே இல்லை. கழுத்துலேர்ந்து கயித்தைக் கழட்டி, குனிஞ்சு, நாய் கழுத்துல ரெண்டு சுத்து சுத்திக் கட்டிட்டேன். அவன் கிட்ட வந்தான், பித்தளை மின்னுறதைப் பாத்தான். "வில்லை கீதுபா, வுடு"ன்னான்.

அப்பாடான்னு மூச்சு விட்டேன். அதுக்குள்ள வண்டியில இருந்த நாயிங்க எல்லாம் ஒண்ணா ஊளையிட்டுச்சு. என் நாய் மெரண்டு போயி, பிச்சுக்கினு ஓடுச்சு பாரு! சந்துல பூந்து காணோம். என் வில்லையோட.

"ஏய், நில்லு! நில்லு சனியனே!"ன்னு கத்திக்கினே ஓடறேன். காசிமேட்டுல மீன் தலை கெடைக்குற எடம் அதுக்குத் தெரியும். அங்க ஓடினேன். கூடைக்காரம்மாங்க நடுவுல பூந்து தேடினா, "இன்னாடி தொலைச்சே, தாலியா?"ன்னு கேக்குறாங்க. அங்க இல்லை. வூட்டுக்கு ஓடினேன். அங்கயும் இல்லை. ஏழு மணி சங்கு ஊதிடுச்சு. அந்த நாயை அப்டித் திட்டினேன். செத்துத் தொலைன்னு கூட சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

ஏழரைக்கு ரெண்டாவது சங்கு, அதோட கேட்டை மூடிடுவாங்க. அதுக்குள்ள கால்ல விழுந்தாவது கெஞ்சலாம்னு கம்பெனிக்கு ஓடினேன். கேட்டாண்ட நின்ன வாச்மேன் என்னைப் பாத்துப் பல்லெல்லாம் தெரிய சிரிக்கிறாரு. வயசானவரு, நல்ல மனுசன்.

"எங்கம்மா பூட்டே? உன் நாய் அப்பவே வந்து மரத்தடியில குந்திகினு கீது. கழுத்துல உன் வில்லை! நான்தான் முடிச்சைத் தளர்த்தி, வில்லையை மட்டும் உருவி, பொண்ணு உள்ள பூடுச்சுன்னு சொல்லி ஜன்னல்ல குடுத்துட்டேன். ஏழு மணிக்கு முன்னாடியே மாட்டியாச்சு. ஓடு, மிசினாண்ட போயி நில்லு."

அவரைக் கும்பிடத்தான் கையைத் தூக்கினேன். அப்போதான் ஊளைச் சத்தம் கேட்டுச்சு. எதிர்ல டீக்கடையாண்ட அந்த வண்டி. கம்பி வலைக்குப் பின்னாடி கிழிஞ்ச காது.

"அய்யோ நைனா, அந்த வில்லை இல்லாததாலதான் புடிச்சிருக்கானுங்க!"ன்னேன். அவரு மூஞ்சி செத்துப் போச்சு. "எனக்கு இன்னாம்மா தெரியும்? உன் வேலைக்கு வேட்டு வந்துடக் கூடாதுன்னு..."

வண்டிக்கு ஓடினேன். "அண்ணா, என் நாய்ண்ணா, வுட்டுடுண்ணா." டீ குடிச்சிக்கினு இருந்தவன் காலையில பாத்த அதே ஆளு. "காலைல வில்லை பாத்தேனே, எங்க அது? எடுத்தாந்து காட்டு, வுடுறேன்"ன்னான். எங்கேர்ந்து எடுக்க? அது உள்ள ஆணியில தொங்குது. அதை உருவினா என் வேலை போச்சு, பொய் சொல்லி மாட்டின கெழவரு வேலையும் போச்சு. நாய் என்னைப் பாத்ததும் ஊளையிடுறதை நிறுத்திடுச்சு. நான் வந்துட்டேன், இனிமே பயமில்லைன்னு நெனைச்சிருக்கும். வால் ஆடுது.

ரெண்டாவது சங்கு ஊதிச்சு.

நான் உள்ள போயிட்டேன். அது பாத்துகினேதான் இருந்துச்சு, நான் போயிட்டேன்.

அன்னிக்கு முழுக்க தகரம் கையைக் கிழிச்சுது. ஒண்ணும் தெரியலை. மூணரைக்கு விட்டதும் பஸ் புடிச்சு, எறங்கி, பட்டிக்கு ஓடினேன். உள்ள எத்தினியோ கூண்டு காலி. பட்டி ஆளு, "கயித்தோட ஒண்ணு கீது. யாரோ வளக்குறதுன்னு ஒதுக்கி வெச்சேன். கயிறு மட்டும் இல்லாங்காட்டி மத்தியானமே முடிஞ்சிருக்கும்"ன்னாரு. பாத்தா, மூலையில ஒடுங்கிக் கெடக்குது, என் சணல் கயித்தோட. அங்கயே தரையில குந்தி ஓன்னு அழுதுட்டேன்.

அங்கயே லைசென்ஸ் எழுதறவரு, "யாரு நாய்?"ன்னு கேட்டாரு. "என் நாய்"ன்னேன். மொத தபா சொல்றேன். "பேரு?"ன்னாரு. "என் பேரையே போட்டுக்குங்க"ன்னேன். அவரு ஏற எறங்கப் பாத்துட்டு எழுதிகினாரு.

மறுநாள் காலையில புது வில்லை கட்டி, கூட்டிக்கினு கெளம்பினேன். இனிமே எந்தக் கொம்பனும் உன்னைத் தொட முடியாதுன்னு சொல்லிக்கினே நடக்கறேன். ரயில்வே கேட்டு வரைக்கும் வந்துச்சு. தண்டவாளத்துக்கு இந்தாண்ட நின்னுடுச்சு. வண்டிக்குப் பயம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நான் நம்பலை. சாயங்காலம் என் கையாலதான் சோறு தின்னுது, என் கால்மாட்டுலதான் தூங்குது, அதுல ஒரு கொறையும் வெக்கலை. அதுக்கப்புறம் ஆறு வருஷம் உசுரோட இருந்துச்சு. எனக்கு வேலை பர்மனென்ட் ஆச்சு, கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்தா. ஆனா ஒரு நாள் கூட அது ரயில்வே கேட்டைத் தாண்டலை.

தெனம் அந்தாண்ட போயி நின்னு, "வாடா"ன்னு கூப்புடுவேன். அது என்னையே பாக்கும், வாலை ஆட்டும், கழுத்துல வில்லை ஆடும். வராது. அதுக்குள்ள சங்கு ஊதிடும், நான் ஓடுவேன்.