படத்தில் ஒன்றுதான் இருந்தது

நம்பாதவர்கள் அபெயோகுட்டாவில் என் வீட்டுக்கு வாருங்கள். புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

என் பெயர் இடோவு. எங்கள் ஊரில் இரட்டையருக்குப் பின்னால் பிறக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயர்தான். பிடிவாதக்காரி என்ற பட்டமும் கூடவே வரும். எனக்கு முன் பிறந்த இரண்டு அக்காக்களும் கைக்குழந்தையிலேயே போய்விட்டார்கள்.

எங்கள் மரச்சிற்பம், முகமூடி, நெசவு பற்றிய பழைய படப் புத்தகங்களைச் சேர்க்கிறேன். சாமான்களை எல்லாம் வெள்ளைக்காரன் கப்பலேற்றிவிட்டான். படமாவது நம் வீட்டில் இருக்கட்டும் என்ற வீம்புதான். வருடக்கணக்காகத் தேடிய புத்தகம் ஒன்று அந்த வாரம் பழைய கடையில் கிடைத்தது. அதில் முழுப்பக்கத்துக்கு ஒரு மரப்பொம்மை. செத்துப்போன இரட்டைப் பிள்ளைக்காகச் செதுக்கி, தாய் குளிப்பாட்டி ஊட்டிவிடுவது. துடைத்துத் துடைத்தே கண்ணும் மூக்கும் தேய்ந்திருந்தன. கீழே ஒரு வரி: 'ஜோடி கிடைக்கவில்லை.'

என் கணவர் போயேகா பார்த்ததும் முகம் சுளித்தார்.

"சர்ச்சுக்குப் போற வீட்ல இதெல்லாம் எதுக்கு? ஞாயித்துக்கிழமைக்குள்ள எரிச்சிடு. இல்லன்னா நானே எரிப்பேன்."

"புத்தகத்துல கை வைங்க பாப்போம்!"

"இடோவுன்னு சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வெளியே போயிருந்தார். வெந்த காராமணியில் செம்பனை எண்ணெய் ஊற்றி, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இரட்டையர் பிறந்த வீட்டில் காராமணி வெந்தால் முதல் பங்கு அவர்களுக்கு. எனக்கு மறந்தே போனது. புத்தகத்தை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன். ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது.

டொக்... டொக்...

மரத்தில் மரம் தட்டும் சத்தம். டார்ச்சை அடித்தேன். மூடிய புத்தகம் திறந்து கிடந்தது. அதே பக்கம். பொம்மையின் வாயில் எண்ணெய். அதில் ஒரு விரல் ரேகை. சின்ன விரல்...

எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது.

டொக்...

துடைக்கக் குனிந்தேன். படத்தில் இரண்டு பொம்மைகள் நின்றன.

புதிதாக வந்ததற்கு நெற்றியிலிருந்து மார்புவரை விரிசல். அதன் காலடியில் காகிதம் நனைந்திருந்தது...

பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"நான் இரட்டையருக்குப் பின்னாடி பொறந்தவ. எங்கிட்ட மிரட்டல் வேணாம்! பசிக்குதா? தின்னுங்க. புத்தகத்த மட்டும் தரமாட்டேன்!"

இரண்டு தட்டில் காராமணி வைத்தேன்.

சத்தம் நின்றது.

போயேகா வந்தார். படத்தைப் பார்த்தார். கீழே இருந்த வரியைப் படித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எரிக்கிற பேச்சை அதோடு விட்டார்.

மறுநாள் அம்மாவிடம் போனேன். விரிசலைப் பற்றியோ ஈரத்தைப் பற்றியோ மூச்சுவிடவில்லை. அக்காக்களின் பொம்மைகள் என்ன ஆயின என்று மட்டும் கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சர்ச்சுல சேர்ந்தப்போ ஒரு வெள்ளைக்காரன் கேட்டு வந்தான். ஒன்னத்தான் வாங்கிட்டுப் போனான். இன்னொன்னுல விரிசல், வேணாம்னுட்டான். அத... ஓகுன் ஆத்துல போட்டுட்டேன்டி."

புத்தகம் என்னிடம்தான் இருக்கும். எரிக்கச் சொல்கிறவர்கள் முதலில் வந்து அந்தப் பக்கத்தைக் காயவைத்துக் காட்டட்டும்.